ஆவணியில் வர வேண்டியவள்

அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டாக்டரம்மா. கன்னடக்காரர். சிரிக்கமாட்டார். திட்டவும் மாட்டார்.

நர்ஸ் சீதம்மா. அவரும் கன்னடம். எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பார்.

ஆயா ஒருத்தி. வெந்நீருக்கு.

என் நங்கை. எங்கள் ஹனூர்ப் பக்கத்தில் புருஷனுடைய அக்காளை அப்படித்தான் கூப்பிடுவோம். என் தாயார் போன பிறகு எனக்குத் தாய்வீடு, புகுந்த வீடு இரண்டும் அவள்தான்.

கதவுக்கு வெளியே என் வீட்டுக்காரர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஏன் கையில் என்று கேட்காதீர்கள். அவருக்கும் தெரியாது.

கட்டிலில் நான்.

ஆறு பேர். வயிற்றில் இருந்ததைச் சேர்த்தால் ஏழு. அதை யாரும் சேர்க்கவில்லை.

சில வாரமாக இந்தச் சமையல் பக்கத்தில் என்னைக் காணோம். பத்திரிகை ஆபீசுக்குக் கார்டு போட்டிருக்கிறீர்கள். "எலுமிச்சை ஊறுகாயைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாரே, எங்கள் ஜாடி பூசணம் பிடிக்கிறதே" என்று ஒருவர். கோபம் நியாயம்தான். என்ன செய்வது? பிள்ளை பெறப் போயிருந்தேன். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து முதல் பிள்ளை.

பத்திரிகைக்காரரிடம் கேட்டேன், இதை எழுதலாமா என்று. "எழுதுங்கள். அழுகை மட்டும் வேண்டாம்" என்றார். சரி. எனக்கு நாலாம் கிளாஸ் படிப்பு. நடந்ததை நடந்தபடி வைக்கத்தான் தெரியும்.

ஆனி மாதம் கால் வீங்க ஆரம்பித்தது. முதலில் மெட்டி இறுகியது. பிறகு செருப்பு நுழையவில்லை. ஆடி பிறந்ததும் முகமும் உப்பியது. நங்கை என் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பள்ளம் விழுந்தது. மேலே எழும்பவில்லை.

"அம்மிணி, இது நல்ல சதையில்லே. நீரு. கெளம்பு" என்றாள்.

"எங்கெங்க?"

"சினிமாவுக்கா கூட்டிப்போறேன்? கெளம்புடீங்கறேன்!"

மைசூர் மண்டி மொஹல்லாவில் எங்கள் சந்துக்குள் ஜட்கா வராது. முனை வரைக்கும் நடந்தேன். பிரசவ விடுதிக்குப் போனோம். பேர் வேண்டாம். சின்ன இடம். சுத்தமான இடம். அதுவரைக்கும் சொன்னால் போதும்.

டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"எஷ்டு திங்களு?"

எத்தனை மாதம் என்று கேட்கிறார். ஆறு வருஷம் மைசூரில் இருக்கிறேன், எனக்குப் புரியாதா? ஆனால் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வயிற்றுக்காரி அதற்குப் பதில் சொல்லமாட்டாள். கூட வந்த பெரியவள்தான் சொல்ல வேண்டும். தலைக்குக் குளித்த மாதம், நின்ற மாதம் எல்லாம் அவள் வாயால்தான். கண் பட்டுவிடும் என்கிறார்கள். வெட்கம் என்கிறார்கள். வழக்கம். அவ்வளவுதான்.

நங்கைக்குக் கணக்கு நன்றாகத் தெரியும். ஐப்பசியில் நான் தலைக்குக் குளித்தது. அதற்கப்புறம் இல்லை. ஆனால் ஐப்பசி என்றால் டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும்? நங்கை இந்த ஊரிலேயே பாதி ஆயுசைக் கழித்தவள். கன்னடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால் கன்னடத்திலேயே சொன்னாள்:

"ஆஸ்வீஜ மாசம், அம்மா. அதுதான் கடைசி."

இந்த ஊர்த் தமிழர்கள் எல்லோரும் அப்படித்தானே சொல்வோம்? சித்திரைக்குச் சைத்ர. ஐப்பசிக்கு ஆஸ்வீஜ. ஆவணிக்குச் சிராவண. கடையில் செல்லும். கோயிலில் செல்லும். நான் பதில் சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

டாக்டரம்மா விரலை மடக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"நாள் தாண்டிவிட்டதே! இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

நங்கை திகைத்துப்போனாள். "ஆவணிலேன்னு நெனச்சிருந்தோம்... அதான், சிராவண மாசத்திலே."

"சிராவணம் இந்த அமாவாசைக்கு மறுநாள் ஆரம்பம். இன்னும் நாலு நாள்தான். அதுவும் வந்துவிட்டதே!"

ஆக, இதுவும் சரியாக இருந்தது. நாங்கள் ஆவணி என்றோம். ஆவணி வந்துகொண்டுதான் இருந்தது, அவர்கள் காலண்டரில்.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். விரலால் அளந்தார். "நாளுக்குத் தகுந்த வயிறு இல்லை. குழந்தை உள்ளே வாடுகிறது. காலும் இப்படி வீங்கியிருக்கிறது. இனிமேல் விட்டுவைத்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. வலியை நாமே வரவைக்க வேண்டும்."

"வரவெக்கறதா? மாட்டுக்குக்கூட அப்படிச் செய்யமாட்டாங்களே!" என்றாள் நங்கை.

"மாட்டுக்குக் கால் வீங்குவதில்லை" என்றார் டாக்டரம்மா. சிரிக்காமல்.

வெளியே போய் வீட்டுக்காரரிடம் கேட்டாள் நங்கை. அவர் வெல்ல மண்டியில் வேலை பார்ப்பவர். நாள் முழுக்கக் கூச்சலில் நிற்பதாலோ என்னவோ, வீட்டில் பேச்சைச் செலவழிக்கமாட்டார்.

"டாக்டர் சொன்னாச் சரிக்கா" என்றார். அதுதான் எங்கள் குடும்ப ஆலோசனை.

மறுநாள் காலையில் ஆரம்பித்தார்கள்.

முதலில் விளக்கெண்ணெய். காப்பியில் ஊற்றிக் கொண்டுவந்தார் நர்ஸ். காப்பி கீழே இருந்தது. எண்ணெய் மேலே இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை.

"சக்கரைக்கு ரேஷன். மண்ணெண்ணெய்க்கு ரேஷன். இது மட்டும் தாராளம் பாரு!" என்றாள் நங்கை. "மூக்கெப் புடிச்சுட்டு முழுங்கு அம்மிணி."

விழுங்கினேன். பிறகு எனிமா. பிறகு பொறுக்க முடியாத வெந்நீரில் குளியல். அதற்கு மேல் கொய்னா.

"யுத்தத்தில் கொய்னா கிடைப்பதில்லை. மலேரியாக்காரர்களுக்கே இல்லை. துப்பிவிடாதே" என்றார் டாக்டரம்மா.

துப்பவில்லை. மணிக்கொரு தடவை கொடுத்தார்கள். கசப்பைச் சொல்லவேண்டாம். காது அடைத்துக்கொண்டது. தாம்பாளத்தைத் தட்டினால் கடைசியில் ஒரு சத்தம் இழுக்குமே, அது உள்ளே நின்றுவிட்டது. எதிரில் இருப்பவர்களுக்கு வாய் மட்டும் அசைந்தது.

உச்சிப்பொழுதில் வலி வந்தது. இடுப்பில் ஆரம்பித்து முன்னால் வந்தது. நர்ஸ் கையை வைத்துப் பார்த்து நல்லது என்றார். இரண்டு மூன்று தடவை வந்தது. பிறகு... போய்விட்டது. சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தோம். வரவில்லை.

"அதுக்கே இஷ்டமில்லையாட்ட இருக்குது" என்றாள் நங்கை.

நர்ஸ் சிரித்தார். ஆயா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அடுத்த நாள் காலை ஊசி போட்டார்கள்.

வலி விட்டு விட்டு வரும், இடையில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று பெற்றவர்கள் சொல்வார்கள். வரவழைத்த வலிக்கு அந்த மரியாதை கிடையாது. வந்தது, உட்கார்ந்துகொண்டது. கட்டில் கம்பியைப் பிடித்தேன். நங்கை என் விரலைப் பிரித்துத் தன் கையைக் கொடுத்தாள்.

"கத்து அம்மிணி. கத்து. காசா பணமா? பக்கத்துக் கட்டில்காரி கத்தினது சாமுண்டி மலைக்கே கேட்டுது."

எனக்குக் கத்த வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைவாய்ப் பல் ஒன்று இன்னும் ஆடுகிறது.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் பிறந்தது. வெளியே வருவதில் பெரிய சிரமமில்லை. தலைப்பிரசவத்துக்கு இவ்வளவு சுலபமா என்றுகூடத் தோன்றியது. சுலபமாக வந்ததற்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது.

சத்தம் இல்லை.

காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார் டாக்டரம்மா. முதுகில் தட்டினார். சூடான தண்ணீரில் ஒரு தடவை, பச்சைத் தண்ணீரில் ஒரு தடவை முக்கினார்கள். மறுபடியும் சூடு. மறுபடியும் பச்சை. நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. கீல் தேய்ந்த கதவு லேசாக அசைந்தால் வருமே, அந்த அளவு.

"பெண்" என்றார் நர்ஸ்.

டாக்டரம்மா அவளை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். விரலைப் பிடித்து நகத்தைப் பார்த்தார். நகம் விரல் நுனி வரைக்கும் வளரவில்லை. உள்ளங்காலைப் பார்த்தார். கோடே இல்லை, வழுவழுவென்று இருந்தது. தோளில் பூனைமுடி. காது துணி மாதிரி மடங்கியது.

நர்ஸைப் பார்த்தார். பிறகு நங்கையிடம் வந்தார்.

"கடைசியாகக் குளித்தது தீபாவளிக்கு முன்பா, பின்பா?"

நங்கைக்கு இதிலென்ன சந்தேகம்? "பின்னாடிதான். பலகாரமெல்லாம் தீர்ந்த பொறவு."

"பின்னாடியா! ஆஸ்வீஜ மாதம் தீபாவளி அமாவாசையோடு முடிந்துபோகிறதே, அம்மா. மறுநாளிலிருந்து கார்த்தீகம்."

"எங்களுக்கு ஐப்பசி அதுக்கப்புறமும்..."

நங்கை அங்கே நிறுத்தினாள்.

புரிகிறதல்லவா? எங்கள் மாதம் சூரியனைப் பார்த்து நடக்கிறது. அவர்கள் மாதம் நிலாவைப் பார்த்து நடக்கிறது. பெயர்கள் அக்கா தங்கை மாதிரி இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே நாளில் ஆரம்பிப்பதில்லை, ஒரே நாளில் முடிவதில்லை. அந்த வருஷம் ஐப்பசி பாதியிலேயே ஆஸ்வீஜம் முடிந்துவிட்டது. டாக்டரம்மா ஆஸ்வீஜத்தின் ஆரம்பத்திலிருந்து எண்ணினார். நான் குளித்ததோ ஐப்பசியின் கடைசியில். வயிறு சின்னதாக இருந்ததற்குக் காரணம் அதுதான். நாள் தாண்டவில்லை. நாளே வரவில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் முன்னதாக அவளை இழுத்துவிட்டோம்.

மைசூரில் இருக்கிற தமிழனுக்கு எல்லாம் இரண்டு. பாஷை இரண்டு. வருஷப்பிறப்பு இரண்டு. உகாதிக்கு ஒரு தடவை வேப்பம்பூ, சித்திரைக்கு ஒரு தடவை வேப்பம்பூ. இதில் லாபம்தானே என்று இருந்தோம்.

"கால் வீக்கத்துக்கு எப்படியும் பத்து நாளில் நான் இதைத்தான் செய்திருப்பேன்" என்றார் டாக்டரம்மா, என் கட்டிலுக்கு வந்து. உண்மையா, ஆறுதலா? கேட்கவில்லை. பத்து நாள் என்பது அவளுக்கு எவ்வளவு என்றும் கேட்கவில்லை.

மறுநாள் அமாவாசை. அமாவாசை மட்டும் இரண்டு பஞ்சாங்கத்திலும் ஒன்றுதான்.

காலையில் வார்டு கலகலவென்று இருந்தது. புருஷன்மார் வரிசையாக வந்தார்கள். எழுந்து உட்கார முடிந்த பெண்கள் கட்டிலிலிருந்தபடியே புருஷன் காலில் மஞ்சள் பூசினார்கள். குங்குமம் வைத்தார்கள். கன்னடக்காரர்களுக்கு அது பீமன அமாவாசை. புருஷன் நீண்ட ஆயுசோடு இருக்க மனைவி பூஜை செய்கிற நாள். ஒருவர் குதிகால் வெடிப்பை மறைக்க முடியாமல் நெளிந்தார். "பூஜைக்காவது கழுவிக்கொண்டு வரக்கூடாதா?" என்று அவர் மனைவி கேட்க, வார்டே சிரித்தது.

நர்ஸ் சீதம்மா என்னிடம் வந்தார். "உங்கள் வீட்டுக்காரரை உள்ளே விடட்டுமா? மஞ்சள் இருக்கிறது."

"எங்களுக்கு இன்னிக்கு ஆடி அமாவாசைங்க" என்றேன்.

"அதில் என்ன செய்வீர்கள்?"

"போனவங்களுக்குத் தண்ணி விடுவோம்."

நர்ஸ் பக்கத்துத் தொட்டிலைப் பார்த்தார். பிறகு போய் ஜன்னலைச் சாத்தினார்.

ஒரே நாள். அவர்களுக்கு இருக்கிறவர்களுக்காக. எங்களுக்கு இல்லாதவர்களுக்காக. என் பெண் எந்தப் பக்கம் என்று அன்று காலை யாருக்கும் தெரியாது. உதடு நீலமாக இருந்தது. மூச்சு நடந்துகொண்டே இருக்கும்போது நிற்கும். பிறகு நினைத்துக்கொண்ட மாதிரி மறுபடி நடக்கும்.

வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு என் வீட்டுக்காரர் ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஆற்றில் முழுகி, அவர் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு வருவார். அன்றும் தோளில் துண்டோடு வந்து வாசற்படியில் நின்றார்.

"போகட்டுமா?"

என்னைக் கேட்டாரா, அக்காளைக் கேட்டாரா? நங்கைதான் பதில் சொன்னாள். தீபாவளிப் பேச்சுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

"போகாதே. நம்மப்பன் கோவிச்சுக்கமாட்டான். ஒரு வருஷம் தாகத்தோட இருக்கட்டும்."

அவர் போகவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். வெந்நீர் வைக்கிற கரி அடுப்பை விசிறச் சொன்னாள் ஆயா. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பொழுதுபோகும் வரை விசிறினார்.

வெந்நீர் குழந்தைக்குத்தான். பஞ்சில் சுற்றி, இரண்டு பக்கமும் பாட்டிலில் வெந்நீர் அடைத்து வைத்திருந்தார்கள். ஆடித் தூற்றல், ஊதல் காற்று. பாட்டில் சீக்கிரம் ஆறிப்போகும். நங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்தாள். குழந்தையைப் பஞ்சோடு எடுத்து, ரவிக்கையைத் தளர்த்தி, நெஞ்சோடு வைத்துச் சேலையால் சுற்றிக்கட்டிக்கொண்டாள்.

"ஐயோ, டாக்டரம்மா திட்டுவாங்க!" என்றாள் ஆயா.

"பாட்டில் ஆறுது. நான் ஆறமாட்டேன்" என்றாள் நங்கை.

டாக்டரம்மா வந்து பார்த்தார். அடுத்த கட்டிலுக்குப் போனார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

அன்றிலிருந்து அவள் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடும்போதும் இறக்குவதில்லை. குழந்தைக்கு உறிஞ்சத் தெரியவில்லை. என் பாலைப் பீய்ச்சி, பேனாவுக்கு மை போடுகிற ஃபில்லரைக் கொதிக்கவைத்து எடுத்து, சொட்டுச் சொட்டாக விடுகிறோம். பாதி கடைவாயில் வழிகிறது. வழிந்ததைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. வேறு வலி. இதற்கு ஊசி வேண்டியதில்லை.

நங்கை வாயாடி. எங்கள் சந்தில் அவள் குரலைக் கேட்டுத்தான் பொழுது விடியும். இப்போது பேச்சில்லை. ஒருநாள் நானே கேட்டேன்.

"நங்கை, ஏதாச்சும் பேசுங்க. வெறிச்சுனு இருக்குது."

"பேசினது போதும் அம்மிணி."

"நானா இருந்தாலும் ஆஸ்வீஜம்னுதான் சொல்லியிருப்பேன்."

"நீ சொல்லலையே" என்றாள்.

நான் ஃபில்லரை எடுத்துத் துடைத்தேன்.

வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். டாக்டரிடம் மாதத்தின் பேரைச் சொல்லாதீர்கள். ஐப்பசியும் வேண்டாம், ஆஸ்வீஜமும் வேண்டாம். தீபாவளிக்கு முன்னாலா, பின்னாலா, எத்தனை நாள் என்று சொல்லுங்கள். சங்கராந்தியைச் சொல்லுங்கள். தசராவைச் சொல்லுங்கள். பண்டிகை எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று — கேள்வி உங்களைக் கேட்டால் நீங்களே பதில் சொல்லுங்கள். கண் பட்டால் படட்டும். சொல்கிற கணக்கு தப்பினாலும் அது உங்கள் வாயிலிருந்து போனதாக இருக்கட்டும். இன்னொருத்தி அதைச் சுமக்க வேண்டாம்.

பிறந்த அன்று மூன்று ராத்தல் பத்து அவுன்ஸ் இருந்தாள். ராத்தலுக்குப் பதினாறு அவுன்ஸ். மருந்து நிறுக்கிற தராசில் துணி விரித்து வைத்துப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் மூன்று ராத்தல் நாலு அவுன்ஸுக்கு இறங்கினாள். அன்று வீட்டுக்காரர் டாக்டரம்மாவைத் தாழ்வாரத்தில் நிறுத்திக் கேட்டார். ஒரே வார்த்தை.

"பொழைக்குமா?"

"நாலு ராத்தலைத் தாண்டட்டும். அப்புறம் கேளுங்கள்" என்றார் டாக்டரம்மா.

அதனால் பேர் வைக்கவில்லை. சந்துக்காரிகள் வந்து, "தொட்டில் எப்போ? என்ன பேரு?" என்று கேட்டால், பார்க்கிற நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் அவர்களை அனுப்பிவிடுகிறார். நல்லவர்.

நேற்று ஆவணி பிறந்தது. எங்கள் ஆவணி.

இன்று காலை மறுபடி தராசு வந்தது. நங்கை முடிச்சை அவிழ்த்துக் குழந்தையைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நர்ஸ் குனிந்து படித்தார். பிறகு இன்னொரு தடவை படித்தார்.

மூன்று ராத்தல், பதிமூன்று அவுன்ஸ்.